கேசட் வேடத்தில் ஒரு செல்போன்

2001-இல் வாங்கிய சான்ட்ரோ கார். இருங்காட்டுக்கோட்டையில் பிறந்து, குரோம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டது. பதினைந்து வயது முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. வாசலில் நின்று ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு இன்னும் ஓடுகிறது. அதன் சொந்தக்காரரைக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. சான்ட்ரோக்காரர் என்றால் வாட்ச்மேன் நேராக வீட்டைக் காட்டிவிடுவார். வண்டியில் ஏ.சி. உண்டு. பவர் ஸ்டீயரிங் உண்டு. ப்ளூடூத் கிடையாது.

அந்தக் காலத்தில் பல கார்கள் ஷோரூமிலிருந்து ஊமையாகத்தான் வெளியே வரும். வாங்கியவர் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக்கு ஓட்டிப்போய் சீட் கவர், சன் ஃபிலிம், ஸ்டீரியோ எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில் போட்டுக்கொண்டு திரும்புவார். சான்ட்ரோக்காரர் போட்டது கேசட்டும் ரேடியோவும் சேர்ந்த செட். அதன் முதுகில் சிடி சேஞ்சருக்கென்று ஒரு சாக்கெட் இருந்தது. டிக்கியில் வைக்கும் அந்தச் சேஞ்சரை ‘அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டார். பிறகு போனஸ் வந்தது, சேஞ்சர் வரவில்லை.

செட்டின் முகப்பைத் தனியாகக் கழற்றி டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். திருடனுக்குப் பயந்து வந்த ஏற்பாடு அது. 1980-களில் நியூயார்க்கில் ‘ரேடியோ இல்லை’ என்று எழுதிக் கார்க் கண்ணாடியில் ஒட்டிவைத்த மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவு கிராக்கி. சான்ட்ரோக்காரர் இப்போதும் அந்த முகப்பைக் கழற்றித்தான் பூட்டுகிறார். அதை இனி எவனும் திருட மாட்டான் என்று வாட்ச்மேன் ஆறுதலாகச் சொன்னதில் அவருக்கு வருத்தம்தான்.

“அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஆண்ட்ராய்டு செட் மாட்டிடுங்கப்பா” என்றான் பெங்களூரிலிருந்து மகன். அதுதான் சுலபமான வழி. கார் ஸ்டீரியோவின் முகப்பு அளவு 180-க்கு 50 மில்லிமீட்டர் என்பது ஜெர்மானியர்கள் வகுத்த கணக்கு. பிறகு உலகமே ஏற்றுக்கொண்டது. டின் என்று கடைக்காரர்கள் சொல்வது அந்த ஜெர்மன் தர அமைப்பின் பெயரைத்தான். எனவே பழையதை உருவிவிட்டு அதே பொந்தில் புதியதைச் செருகலாம், அரைமணி நேர வேலை. ஆனால் சான்ட்ரோக்காரரிடம் ஒரு கேள்வி இருந்தது: செட்டு இன்னும் ரிப்பேர் ஆகவில்லையே? கெட்டுப்போகாத பொருளைக் கழற்றி எறிவதற்கு நம் வீடுகளில் சட்டத்தில் இடமில்லை. பரணில் கிடக்கும் பாதிப் பொருள்கள் இதற்குச் சாட்சி.

ஆக, செட்டும் இருக்க வேண்டும், செல்போன் பாட்டும் வர வேண்டும். இந்த இடத்தில்தான் பழைய ஸ்டீரியோவின் குணம் தெரிகிறது. அது புதியவர் யாரையும் உள்ளே விடாது. தனக்கு முன்பே தெரிந்தவர் யாராவது வந்தால் தாராளமாகக் கதவைத் திறக்கும். எனவே செல்போன் வேடம் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

முதல் வேடம், கேசட்.

ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஓட்டன்ஸ் குழு உருவாக்கி, 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளிவந்த கேசட்டில், நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அதில் பதிந்திருக்கும் காந்த மாற்றங்களை ஸ்டீரியோவின் ஹெட் படித்துப் பாட்டாக்கும். கேசட் அடாப்டருக்குள் நாடாவே இல்லை. நாடா இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு ஹெட் உட்கார்ந்து, செல்போன் தரும் பாட்டைக் காந்த அலையாக மாற்றி, எதிரே இருக்கும் ஹெட்டின் காதில் ஓதுகிறது. படிப்பது நாடாவா நடிகரா என்று அதற்குத் தெரியாது. சக்கரம் சுற்றாவிட்டால் நாடா முடிந்துவிட்டதென்று செட் நினைத்துக்கொள்ளும் என்பதால், சும்மா சுற்றுவதற்கென்றே உள்ளே சில பல்சக்கரங்கள் வேறு. சம்பளம் வாங்காமல் இவ்வளவு அக்கறையோடு பொய் சொல்லும் இயந்திரம் அரிது.

ஒயர் தொங்குகிற அடாப்டர் பழசு. இப்போது ப்ளூடூத்தையும் பேட்டரியையும் கேசட்டுக்குள்ளேயே அடக்கி விற்கிறார்கள். சான்ட்ரோக்காரர் வாங்கியது அது. அவருடைய செட்டோ ஆட்டோ ரிவர்ஸ் வகை. பல்சக்கரம் கொஞ்சம் தயங்கினால் போதும், ‘ஏ சைடு முடிந்தது’ என்று தீர்மானித்து ‘டொக்’ என்று பி சைடுக்குத் தாவும். அடாப்டருக்கு பி சைடு கிடையாது. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் டொக், மௌனம், டொக், மறுபடி பாட்டு. தினமும் இரவில் அவர் கேசட்டை எடுத்துவந்து வரவேற்பறையில் சார்ஜ் போட்டதை வீட்டம்மாள் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “கேசட்டுக்கெல்லாம் சார்ஜ் போடற அளவுக்கு வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

நிஜக் கேசட்டுகள் அவரிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய உண்டு. கடையில் வாங்கியதைவிடப் பதிந்து வாங்கியது அதிகம். அந்நாளில் ஊருக்கு நாலு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். நோட்டுத்தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், “அறுபதா, தொண்ணூறா?” என்று கேட்டு டிடிகே கேசட்டில் பதிந்து தருவார்கள். தொண்ணூறில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். பட்டியல் நீண்டால் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தில் அறுந்து நிற்கும். அந்தப் பாட்டுக்கு முழு வடிவம் இருப்பதே பல வருடம் கழித்துத்தான் பலருக்குத் தெரியவந்தது. சான்ட்ரோக்காரர் இன்றைக்கும் சில பாட்டுகளைப் பாதியில் நிறுத்தித்தான் முணுமுணுப்பார்.

இரண்டாவது வேடம், வானொலி நிலையம். எஃப்.எம். ட்ரான்ஸ்மிட்டரை சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால் செல்போனிடம் ப்ளூடூத்தில் பாட்டை வாங்கி, எஃப்.எம்.மில் ஒலிபரப்பும். ஒரு நிலையம், ஒரு நேயர். செருகியவுடன் ஓர் அம்மணி ஆங்கிலத்தில் தன் வருகையை உச்சக் குரலில் அறிவிப்பார். அந்தக் குரலைக் குறைக்கும் வழி எந்தக் கையேட்டிலும் இல்லை, கையேடு இருந்தால்.

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அன்றைக்கு இந்தக் கருவி இருந்திருந்தால் சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். இன்று 91.1, 93.5, 98.3, 101.4, 106.4 என்று ஆளாளுக்கு இடம் பிடித்தாகிவிட்டது. நடுவில் காலி அலைவரிசை தேடுவது தீபாவளிக்கு முதல் வாரம் தி.நகரில் பார்க்கிங் தேடுவது மாதிரி. கிடைத்தாலும் நிலைக்காது. எஃப்.எம். ரிசீவருக்குச் சமரசம் தெரியாது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பாடினால் வலுவானவரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவரை அடியோடு மறந்துவிடும். புதுச்சேரிக்குப் போகிற வழியில், தாலாட்டு ஒன்று உருக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆடித் தள்ளுபடி விளம்பரம் புகுந்தது. குழந்தை தூங்குவதற்குள் இரண்டு சேலைக்கு ஒன்று இலவசமாகிவிட்டது.

அதைவிட மோசம் பல்லாவரம் சிக்னல். பக்கத்தில் நின்ற கால் டாக்ஸியிலும் அதே மாதிரிக் கருவி, அதே அலைவரிசை போலிருக்கிறது. சான்ட்ரோவுக்குள் திடீரென்று கானா கேட்டது. டாக்ஸி டிரைவரின் முகம் போன போக்கைப் பார்த்தால், கர்நாடக சங்கீதம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பச்சை விழுந்ததும் அவரவர் பாட்டு அவரவர் வண்டிக்குத் திரும்பியது.

மூன்றாவது வேடத்தைக் கண்டுபிடித்தவன் ஜி.பி. ரோட்டுப் பையன் ஒருவன். செட்டை உருவி முதுகைப் பார்த்தான். “சார், சேஞ்சர் சாக்கெட் சும்மாதான இருக்கு? ஆனா சேஞ்சர் இருக்கான்னு செட்டு கேக்கும். இருக்குன்னு யாராவது பதில் சொல்லணும்.” பதில் சொல்வதற்கென்றே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு உண்டு. டிக்கியில் இல்லாத சேஞ்சருக்குள் இல்லாத சிடியில் முதல் பாட்டு ஓடுவதாக அது செட்டிடம் சத்தியம் செய்யும். செட்டும் நம்பி, ஓடிய நேரத்தைத் திரையில் காட்டும். அந்த வழியாகப் ப்ளூடூத் ரிசீவரின் பாட்டு உள்ளே நுழைந்துவிடும். 2001-இல் வாங்காத சேஞ்சர் இப்படியாக வந்து சேர்ந்தது.

இந்தப் போர்டு கிடைக்காத செட்டுகளில் கைதேர்ந்தவர்கள் இன்னொன்று செய்வார்கள்: சத்தமே இல்லாத சிடியைப் போட்டு ஓடவிட்டு, அதன் ஒலி போகிற பாதையில் ப்ளூடூத்தை இணைப்பது. காரில் மௌனத்துக்கும் சந்தை உண்டு. செல்போனைக் காரில் இணைத்தவுடன் அகர வரிசையில் முதல் பாட்டு தானாகக் கத்தத் தொடங்கும் தொல்லைக்கு, 2017-இல் அமெரிக்காவில் சமீர் மெஸ்ராஹி என்பவர் மருந்து விற்றார். ஏறத்தாழ பத்து நிமிடம் வெறும் நிசப்தம். தலைப்பின் தொடக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்து வரிசையாக ஐந்து முறை, அதனால் எப்போதும் பட்டியலில் முதலிடம். ஐடியூன்ஸில் 99 சென்ட். அது விற்பனைப் பட்டியலில் ஏறியதைப் பார்த்து, இரவு பகலாகப் பாடல் எழுதுகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

சான்ட்ரோவில் வேடம் பொருந்திவிட்டது, ஆனால் பின்னணியில் ஒரு ரீங்காரம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறியது, விட்டால் இறங்கியது. ரிசீவரின் மின்சாரம் ஒரு வழியாகவும் பாட்டு இன்னொரு வழியாகவும் வண்டியின் பாடியில் எர்த் ஆகும்போது, இரண்டுக்கும் நடுவில் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் புகுந்துகொள்ளும். இது புது வியாதியும் இல்லை. 1930-இல் பால் கால்வின் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்க இறங்கியபோது, அவருடைய ஆட்களுக்கும் இஞ்சினின் மின் இரைச்சலை அடக்குவதுதான் பெரும்பாடு. பையன் தீப்பெட்டி அளவில் ஒரு ஐசொலேட்டரைப் பாட்டு ஒயரில் கோத்தான். உள்ளே இரண்டு குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர். ஒயர் தொடர்பை வெட்டிவிட்டு, பாட்டை மட்டும் காந்தத்தின் வழியே கடத்தும். ரீங்காரம் நின்றது. “மஞ்சள் ஒயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும் சார், சிவப்புல சாவி போட்டாத்தான். ரிசீவரைச் சிவப்புல குடுத்திருக்கேன், பேட்டரி இறங்காது” என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டான்.

குடியிருப்பில் இன்னொருவருக்கு 2000-களின் நடுவில் வந்த விலை உயர்ந்த கார். அதில் பிறவியிலேயே ப்ளூடூத் உண்டு என்று அடிக்கடி சொல்வார். உண்டுதான், போன் பேச மட்டும். பாட்டுக்கான ப்ளூடூத் ஏற்பாடு தனி. அது அந்தக் காரில் இல்லை. சான்ட்ரோக்காரர் இந்த விஷயத்தை எங்கோ படித்துத் தெரிந்துகொண்ட நாள் முதல் அவருக்கு லிஃப்டில் வணக்கம் சொல்லும் தொனி மாறிவிட்டது.

சான்ட்ரோவின் ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. ரிசீவர் சும்மா இருக்கும் நேரத்தில் குட்டித் தூக்கம் போடும். வழிகாட்டும் குரல் பேசத் தொடங்கிய பிறகுதான் விழிக்கும். அதற்குள் முதல் சொல்லின் பாதி போய்விடும். “...புறம் திரும்பவும்” என்று மட்டும் கணீரென்று கேட்கும். எந்தப் புறம் என்பது ஓட்டுநரின் சொந்தப் பொறுப்பு. வழியில் பாட்டை ஓடவிட்டே வைத்திருந்தால் தூங்காது என்பதால், இப்போது அவர் பாட்டு பிடித்துக் கேட்கிறாரா, வழி தவறாமலிருக்கக் கேட்கிறாரா என்று சொல்வது கடினம்.

சாவி போட்டவுடன் ரிசீவர் கடைசியாகச் சேர்ந்திருந்த செல்போனைத் தேடிப் பிடிக்கும். பத்து மீட்டருக்குள் இருந்தால் போதும். முந்தின நாள் கோயிலுக்குப் போகும்போது அதில் சேர்ந்திருந்தது வீட்டம்மாளின் செல்போன். அடுத்த நாள் காலை சான்ட்ரோக்காரர் கீழே வண்டியைக் கிளப்பியபோது, முதல் மாடிச் சமையலறையில் வீட்டம்மாள் புது வத்தக்குழம்பு ஒன்றை வீடியோ பார்த்துச் செய்துகொண்டிருந்தார். எண்ணெய் காய்ந்த நேரம் பார்த்து வீடியோவின் குரல் மேலே நின்றுபோய்க் காரின் நான்கு ஸ்பீக்கரிலும் எழுந்தது.

“ஏங்க, வண்டியை நிறுத்துங்க! கடுகு வெடிச்சதும் என்ன போடணும்னு சொல்லிட்டிருந்தா!” என்று பால்கனியிலிருந்து சத்தம் வந்தது.

அவர் நிறுத்தவில்லை. கண்ணாடியை இறக்கி, கொஞ்சம் வால்யூம் கூட்டி, தலையை வெளியே நீட்டினார்.

“சுண்டைக்காய் வத்தலாம்! சிம்ல வைக்கச் சொல்றா!”