மாமாவுக்கு மட்டும்

கொலோன், ஜெர்மனி
மார்ச், ஞாயிறு மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

வாட்ஸப் இருக்கும்போது இவன் எதற்குத் தபால்தலை ஒட்டி எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். உங்கள் போன் பாதி நேரம் அத்தை கையில், மீதி நேரம் உங்கள் அக்கா கையில். அந்த அக்கா என்னோடு பேசி இன்றோடு 11 நாள் ஆகிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் நண்பர்களோடு எடுத்த அந்தப் போட்டோதான். என் கையில் இருந்ததை ஆப்பிள் ஜூஸ் என்று சொல்லிப் பார்த்தேன். "ஜூஸுக்கு நுரை எங்கேருந்துடா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர்தான்.

நீங்கள் மட்டும் விசாரித்திருந்தீர்கள்: "அங்க என்ன சரக்கு ஓடுது மாப்ளே? எல்லாம் கூலிங்தானா?" 2003-இல் சர்க்காரே மதுக்கடை திறந்தபோது கம்பி வலைக்குப் பின்னால் போய் நின்றவர் நீங்கள். வேலையை விடும்வரை ஒரு சொட்டு நாக்கில் படவிடாமல் லட்சம் பாட்டில் விற்ற மனுஷர். நீங்கள் கேட்டால் ஒழுங்காகப் பதில் எழுத வேண்டாமா?

உங்கள் கவுண்டரில் பீர் வாங்க வந்தவனிடம் இரண்டே கேள்விதான் இருந்தது. கூலிங் இருக்கா, ஸ்ட்ராங் இருக்கா. மிக்சரா, அவித்த முட்டையா, மாங்காய் ஊறுகாயா என்பதெல்லாம் பக்கத்து பெட்டிக்கடைக்காரர் கவலை. இங்கே அந்த இரண்டு கேள்வியும் செல்லாது. எந்த ஊர், எந்த வேளை, கூட என்ன சாப்பாடு என்று பார்த்துத்தான் பீர். அம்மாச்சி ஞாபகம் இருக்கிறதா? ராத்திரியில் கீரை ஆகாது, மீன் தின்ற வாயில் மோர் படக் கூடாது என்று தட்டைப் பிடுங்குமே, அதே கண்டிப்பு. என்ன, இவர்கள் பத்தியம் பார்ப்பது பீருக்கு.

முதலில் நான் இருக்கும் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கொலோன்காரர்கள் குடிப்பது கோல்ஷ். பூசணிப்பூ நிறம், லேசான கசப்பு, தண்ணீர்போல இறங்கும். டம்ளரைப் பார்த்தால் சிரிப்பீர்கள். 200 மில்லிதான் பிடிக்கும், ஒல்லியாக ஊதுவத்தி ஸ்டாண்டு மாதிரி நிற்கும். 650 மில்லி பாட்டிலைத் தவிர வேறு கண்டிராத உங்களுக்கு அது சாம்பிள் கொடுப்பதுபோல் இருக்கும். வந்த புதிதில் நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

பரிமாறுகிறவருக்கு கோபெஸ் என்று பெயர். நீல உடுப்பு, முறைப்பான முகம். நடுவில் பிடி வைத்த வட்டத் தட்டில் டம்ளர்களைச் செருகிக்கொண்டு வருவார். ஒன்றை வைத்தார், குடித்தேன். கேட்காமலே இன்னொன்றை வைத்துவிட்டு, டம்ளருக்கு அடியில் இருந்த அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அட, உபசாரம் என்று நினைத்து அதையும் குடித்தேன். மூன்றாவது வந்தது. "போதும்" என்று தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல் மாமா, எந்தப் பக்கமும் அர்த்தம் வரும். நான்காவது வந்தது. வந்த டம்ளரைக் காலி செய்வதுதான் மரியாதை என்று நானும், காலி டம்ளரை நிரப்புவதுதான் தொழில் என்று அவரும் மாற்றி மாற்றிக் கடமையைச் செய்ததில், அட்டையில் ஏழு கோடு விழுந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பெரியவர் பரிதாபப்பட்டு எழுந்து வந்து, என் அட்டையை எடுத்து டம்ளர் வாயில் மூடி வைத்தார். கோபெஸ் அதற்குமேல் என் பக்கம் திரும்பவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நம் கல்யாணப் பந்தியில் இலையை மடிக்கும்வரை ரசம் ஊற்றுகிறவன் நகர்வானா? அதே கதைதான். இங்கே மடிக்க இலை இல்லை, அட்டை இருக்கிறது.

இன்னொரு கூத்து. அந்த ஏழில் மூன்றாவது ஓடும்போது பசி எடுத்தது. மெனுவில் "ஹால்வே ஹான்" என்று இருந்தது. அகராதியைப் புரட்டினால், பாதிச் சேவல். ஆகா, அரைக் கோழி இவ்வளவு மலிவா என்று கொண்டுவரச் சொல்லிவிட்டேன். வந்தது ஒரு ரை ரொட்டி, கட்டி வெண்ணெய், கனமாக ஒரு துண்டு பாலாடைக்கட்டி, வெங்காயம், கடுகு விழுது. கோழியின் இறகுகூட இல்லை. தலைமுறை தலைமுறையாக ஊரே இந்த வேடிக்கையில் வெளியூர்க்காரனைக் கவிழ்க்கிறதாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தக் காட்டமான கடுகுக்கும் பச்சை வெங்காயத்துக்கும் கோல்ஷ் மாதிரி ஜோடி கிடையாது. கோபெஸிடம் தண்ணீர் மட்டும் கேட்டுவிடக் கூடாது. சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டு வரட்டுமா என்பார்.

இங்கிருந்து 40 கிலோமீட்டரில் டுசல்டார்ஃப். அவர்கள் குடிப்பது ஆல்ட், செம்பு நிறம். எங்கள் ஊர்க் கடையில் போய் ஆல்ட் கேட்பது, மதுரையில் உட்கார்ந்து திருநெல்வேலி ஜிகர்தண்டா கேட்பதுபோல. இதில் வேடிக்கை, இரண்டுமே ஒரே வகை ஈஸ்ட், வெதுவெதுப்பில் நொதிக்கிற ஜாதி. பங்காளிச் சண்டை என்பது எந்த நாட்டிலும் பங்காளிகளுக்குள்தானே! கோல்ஷ் என்ற பெயரை யார் போடலாம் என்று மதுவடிப்பவர்கள் 1986-இல் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தமே செய்திருக்கிறார்கள்.

வேலைக்காக மியூனிக் போனேன். அங்கே காலை பத்தரை மணிக்கு ஆபீஸிலேயே வெள்ளைத் தொத்திறைச்சி, இனிப்புக் கடுகு, பிரெட்ஸல், கூட அரை லிட்டர் கோதுமை பீர். காலையிலா என்று நான் முழிக்க, அவர்கள் அவசரப்பட்டார்கள். பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் தின்று முடிக்க வேண்டும் என்பது பழைய முறை. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் விடியலில் செய்த கறி மத்தியானத்துக்குக் கெட்டுவிடும் அல்லவா? பிரிட்ஜ் வந்தும் சட்டம் போகவில்லை. தோலைத் தின்னக் கூடாது. நுனியைக் கடித்து உறிஞ்ச வேண்டும். சொல்லிக் கொடுக்க வந்தார்கள். முருங்கைக்காய் தின்று வளர்ந்தவனுக்கா பாடம்? நான் உறிஞ்சிய லாவகத்தைப் பார்த்து மேஜையே கை தட்டியது.

அந்தக் கோதுமை பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, ஈஸ்ட் செய்கிற வேலை. பவேரியாவில் 1516-இல் பிரபுக்கள் ஓர் ஆணை போட்டார்கள்: பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர், இவை தவிர பீரில் எதுவும் சேரக் கூடாது. ஈஸ்ட் என்ற பேச்சே அதில் இல்லை. உங்களுக்குப் பிடிக்கிற சங்கதி, அதே ஆணையில் விலையும் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒரு மாஸ் அளவுக்கு ஒரு ஃபெனிக் காசுக்கு மேல் வாங்கக் கூடாது, கோடையில் இரண்டுக்கு மேல் கூடாது. 500 வருஷத்துக்கு முந்திய எம்.ஆர்.பி. மாமா!

பாம்பெர்கில் ஒரு பீர் உண்டு. மால்ட்டை பீச் மர விறகுப் புகையில் காய வைப்பதால், வாயில் வைத்தால் சுட்ட கருவாடு மணக்கும். முதல் மடக்கில் முகம் கோணும். முதல் டம்ளரை வைத்து முடிவு கட்டாதே என்று அந்த ஊரிலேயே சொல்வார்கள். எனக்கு இரண்டாவதில் பழகிவிட்டது. நெத்திலிக் கருவாட்டை வறுத்து அதோடு தின்ன வேண்டும் என்று ஓர் ஆசை இருக்கிறது. மேல் வீட்டுக்காரம்மாவை நினைத்து அடக்கி வைத்திருக்கிறேன்.

லைப்ஸிக் பக்கத்து கோசேதான் நம்ப முடியாதது. புளிப்பு, உப்பு, கொத்தமல்லி விதை. கண்ணை மூடிக் குடித்தால் பங்குனி வெயிலில் கோவில் வாசலில் ஊற்றும் நீர்மோர். பெருங்காயம்தான் குறை.

இப்போது இங்கே தவக்காலம், ஈஸ்டருக்கு முந்திய விரதம். அந்தக் காலத்து மியூனிக் துறவிகள் இதற்கென்றே கெட்டியான, மால்ட் நிறைந்த டோப்பல்பாக் வடித்தார்கள். திரவம் விரதத்தை முறிக்காது என்பது கணக்கு. கறுப்பாக, அடிபிடித்த கருப்பட்டிப் பாகு ருசியில், ஏழு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலோடு இருக்கும். ஒரு டம்ளர் உள்ளே போனால் சாப்பாடு ஞாபகமே வராது. ஏகாதசிக்கு இரண்டு தட்டு கிச்சடி தின்கிற அத்தையிடம் இதைச் சொல்லி வைக்காதீர்கள்.

என் சொந்த ஆராய்ச்சி ஒன்றும் எழுதுகிறேன். போன மாதம் ஆபீஸ்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு அம்மா கைப்பக்குவத்தில் மிளகுக் கோழி வறுவல் செய்தேன். நல்ல கசப்பான பில்ஸ் பீர் வாங்கி வைத்தேன். நம் ஊரில் காரமும் பீரும்தானே வழக்கம்! முதல் வாய்க்கே ஒருவருக்குக் காது சிவந்தது. எரிச்சலுக்குப் பில்ஸை ஊற்றினார், இன்னும் எரிந்தது. ஹாப்ஸ் கசப்பு காரத்தைத் தூக்கிக் காட்டுமாம். நல்லவேளை, ஒருவர் தன் பங்குக்குக் கோதுமை பீர் கொண்டுவந்திருந்தார். அதன் மிருதுவும் லேசான இனிப்பும் நெருப்பை அணைத்தன. அதற்கப்புறம் சட்டியை ரொட்டியால் வழித்தார்கள். உங்கள் பழைய வாடிக்கைக்காரர்களைப் பார்த்தால் சொல்லுங்கள்: காரத்துக்குக் கசப்பு ஆகாது.

காலி பீர் பாட்டிலுக்கு இங்கே 8 சென்ட் திரும்ப வரும். சூப்பர் மார்க்கெட் மெஷின் வாயில் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் விழுங்கிவிட்டுச் சீட்டு துப்பும். 2022-இல் நீலகிரியில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று நம்மவர்கள் ஆரம்பித்தபோது "நடக்கிற காரியமா?" என்றீர்களே, சனிக்கிழமை இந்த வரிசையை வந்து பாருங்கள். கோட்டு போட்ட கனவான்கள் மூட்டையோடு நிற்கிறார்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்ளே

பி.கு.: அம்மா போன கோடையில் இங்கே வந்து 40 நாள் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? தினமும் மூன்று மணிக்கு ஒரு கறுப்பு பானம், "கருப்பட்டிக் காப்பியை ஆற வச்ச மாதிரி இருக்குடா" என்று ரசித்துக் குடிப்பார். ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு பாட்டில் பெட்டியில் வைக்கச் சொன்னார், நான்தான் எடை கூடும் என்று தடுத்தேன். குழந்தைகளுக்கும் கொடுக்கிற, போதையே இல்லாத சமாச்சாரம்தான். ஆனால் இங்கே எல்லோரும் அதற்குச் சொல்கிற பெயர் மால்ட்ஸ்பியர். கடைசி எழுத்துகளை உங்கள் அக்காவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் திட்டு வாங்கும் நாளாகப் பார்த்துச் சொன்னால் உத்தமம்.