மிஸ்ஸிங் அடிக்கும் காருக்கு ஒரு கையேடு

மிஸ்ஸிங் என்பது, தன் முறை வரும்போது ஒரு சிலிண்டர் பெட்ரோலை எரிக்காமல் விட்டுவிடுவது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று என்றால், நான்கு சிலிண்டரும் சேர்ந்து 1,400 முறை வெடிக்க வேண்டும். ஒன்று ஒத்துழைக்க மறுத்தால் 1,050தான். நால்வர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் மட்டும் தோளை எடுத்துவிட்டுக் கூடவே நடந்து வருவது போன்றது இது. பல்லக்கு விழாது, உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரியும். சுவா சூ காங் வே சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஸ்டீயரிங் நடுங்குவதும், கோப்பி டம்ளர் மூடியோடு ஆடுவதும், கிராஞ்சி விரைவுச்சாலையில் ஏறியவுடன் ஒன்றுமே நடக்காதது போல் கார் ஓடுவதும் இதன் அறிகுறிகள்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு பணக்கணக்கும் உண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டது. அது காரின் விலை அல்ல. காரைப் பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமையின் விலை. நான்கில் ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்தால் 26,500 வெள்ளி சும்மா கிடக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் இந்தக் கணக்கு செல்லாது.

நோயைக் கண்டறிய ஐட்லிங்கைக் கேட்க வேண்டும். ஆனால் நிறுத்திய காரில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே அபராதத்துக்குரியது. எனவே புளோக்கின் கீழே பானெட்டைத் திறந்து நிற்பவர், இன்ஜினோடு சேர்த்து எந்த மாடியில் எந்த ஜன்னல் திறக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் மிஸ்ஸிங் நின்றுவிடும். இதில் மாயமில்லை: விரிசல் விட்ட இக்னிஷன் காயில் பெரும்பாலும் சூட்டில்தான் தடுமாறும்; பட்டறையில் காத்து நிற்பதற்குள் அது ஆறிவிடும்.

ஸ்கேனர் பூட்டுவதற்கு முன்பே ஆலோசகர்கள் வந்துவிடுவார்கள். இவர்களில் பழமையானது பிளக் கட்சி. "பிளக் மாத்தியாச்சா?" என்பார்கள். ஆச்சு என்றால் "என்ன பிராண்டு?" என்பார்கள். எந்த பிராண்டைச் சொன்னாலும் "அதான்" என்பார்கள்.

அடுத்தது பெட்ரோல் கட்சி. 95ஐ விட்டுவிட்டு 98 போடச் சொல்வது இவர்களின் ஒரே கொள்கை. ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன். பொறியே விழாத சிலிண்டரில் 98ம் எரியாமல்தான் வெளியேறும், கூடுதல் விலையில்.

ஜொகூர் கட்சி பெரியது. "எதுக்குண்ணே இங்க குடுக்குறீங்க? பாலம் தாண்டுனா பாதி விலை லா." சிங்கப்பூர்ப் பதிவெண் கார் எல்லை தாண்ட டாங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்க வேண்டும், 1991 முதல் இதுதான் விதி. ஆகவே பெட்ரோல் கட்சி சந்தேகிக்கும் அதே பெட்ரோலை முக்கால் டாங்க் நிரப்பிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் சேர வேண்டும். ஐட்லிங் கோளாறுக்கு இதைவிடச் சிறந்த சோதனைக்கூடம் உலகில் இல்லை. கடற்பாலம் முழுக்கக் கார் நடுங்கும். ஜொகூர்ப் பட்டறையில் நடுங்காது. அங்கே ஒருவர் ஏதோ வயரை அழுத்திவிட்டு, "லூஸ் லா" என்று காசு வாங்கிக்கொள்வார். திரும்பும் வழியில், சுவா சூ காங் வந்து சேர்வதற்குள், மறுபடி ஆரம்பிக்கும். போனில் சொன்னால், "கொண்டாங்கண்ணே, ஃப்ரீயா பாத்துத் தர்றேன்" என்பார். ஃப்ரீதான். முக்கால் டாங்க் மட்டும் மறுபடி நிரப்ப வேண்டும்.

தேக்காவில் சாப்பிட உட்கார்ந்தால் ஊர்க் கட்சி வரும். மதுரைப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தே நோய் சொன்ன கதை, இலை எடுக்கும்வரை ஓடும். எரிச்சல் என்னவென்றால், விஷயம் இருப்பது இந்தக் கதையில்தான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டரிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்தால் 'டிக் டிக்' கேட்கும். ஒன்றில் மட்டும் கேட்கவில்லை என்றால் அந்த இன்ஜெக்டர் திறக்கவில்லை.

இனி முறையான வழி. கிராங்க் தண்டின் வேகத்தில் விழும் நொடிப்பை வைத்து, எந்தச் சிலிண்டர் தவறியது என்று காரின் கணினியே கண்டுபிடித்துவிடும். பி0300 என்றால் ஒழுங்கில்லாமல் பலவற்றில் மிஸ்ஸிங்; பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் காரை ஓட்டவே கூடாது: எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

பி0303 வந்தால் மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் மாட்டி, பழைய கோடை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில். வராவிட்டால் பிளக்கை இப்படியே இடம் மாற்றலாம், பிறகு இன்ஜெக்டரை. காயிலுக்கு வேண்டியது ஒரு 10 எம்எம் ஸ்பேனர், கால் மணி நேரம்.

இந்தக் கால் மணி நேரத்தைப் பட்டறைகள் செலவிடுவதில்லை. சுங்கை காடுட் பக்கத்தில் அண்மையில் எழுதப்பட்ட ரசீது ஒன்றில் பிளக் நான்கு, காயில் நான்கு, திராட்டில் கிளீனிங், இன்ஜின் ஃபிளஷ், ஒரு புட்டி மருந்து என்று வரிசையாக இருக்கிறது. கடைசியில் 'டெஸ்ட் டிரைவ் ஓகே'. சிகிச்சை முறையின் பெயர் 'மாத்திப் பாக்கலாம்'. பார்ப்பது இலவசம், மாற்றுவதற்குத்தான் காசு. கழற்றிய பழைய பிளக்குகளின் முனைகள் நான்கும் ஒரே வெளிர்பழுப்பு நிறம். நன்றாக எரிந்த பிளக் அப்படித்தான் இருக்கும். கார் வெளியே வந்ததும் பி0303 மறுபடி வந்தது.

பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றும் நிரபராதி என்றால் பெரும்பாலும் மிச்சம் இரண்டு. இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசியலாம். புகை செலுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் கம்ப்ரஷன். எல்லாப் பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு என்றால் சிஓஇ எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து மாதம் என்றால் ஆட்டத்தோடு ஓட்டலாம். ஐந்து வருடம் என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.