காசிமேட்டு மீன்கத்தியின் காலம்: ஒரு தேய்மான ஆய்வு

1. முன்னுரை

பழங்கத்தி சேர்ப்பவர்களுக்குத் தூக்கம் கெடுக்கும் கேள்வி ஒன்றுதான்: இது எந்த வருஷத்துக் கத்தி? மேலைநாட்டுக் கத்திகள் இந்த விஷயத்தில் நாணயமானவை. பிறப்புச் சான்றிதழை அலகின் அடியிலேயே குத்தி வைத்திருக்கும். ஷெஃபீல்டு கத்தியில் விக்டோரியா ராணியின் முத்திரை இருந்தால் அவர் காலமான 1901-க்கு முன்னே தேடலாம். ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால், பெயர் பொறிக்காத சரக்கை உள்ளே விடமாட்டோம் என்று அமெரிக்கா 1890-இல் போட்ட சுங்கச் சட்டம் நினைவுக்கு வரவேண்டும். அமெரிக்காவின் கேஸ் நிறுவனமோ 1970-இல் பத்துப் புள்ளி குத்தி, அதன்பின் வருஷத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. புள்ளி எண்ணத் தெரிந்தவன் அங்கே பண்டிதன்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்கிய சேலத்துக் கத்தியில் ‘அர்னாசெல்லம், சேலம்’ என்று பெயர் வெட்டியிருக்கும். இங்கிலீஷ் எழுத்தில் மாட்டிக்கொண்ட நம் அருணாசலம்தான். 1972-இன் வனவிலங்குச் சட்டத்தோடு அந்த வேட்டையெல்லாம் முடிந்தது. ஆனால் பிடிபட்டதை வெட்டும் தொழில் இன்னும் விடிகாலையிலேயே மும்முரமாக நடக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே கத்தியில் பெயரும் இல்லை, புள்ளியும் இல்லை. செதில் மட்டுமே உண்டு. எனவே இவ்வாய்வு அவசியமாகிறது.

2. களமும் பொருளும்

களம்: காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஆய்வுப் பொருள்: வாங்கிய மீனைக் கூலிக்கு வெட்டித் தரும் ஓர் அக்காவின் கத்தி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதுகு தடிமன். வாய் நடுவில் மூன்றாம் பிறை போல உள்வாங்கியிருக்கிறது. பிடியில் சைக்கிள் டியூப் இறுக்கிச் சுற்றியிருக்கிறது. எதிரே புளியங்கட்டை, அதன் நடுப்பகுதியும் கத்தியின் வாய்க்குப் போட்டியாகக் குழிந்திருக்கிறது.

பூதக்கண்ணாடியோடு நான் குனிந்ததும் களத்திலிருந்து முதல் எதிர்வினை பதிவானது: “இன்னா சார், கத்திக்கு ஜாதகம் எழுதப் போறியா?”

3. இரும்புச் சான்று

பிடிக்குச் சற்று மேலே, முதுகோரத்தில், அரைவட்டமாக ஒரு பாதித் துளை. தொங்கவிடும் துளையா? குலக்குறியா? நீத்தார் சடங்கோடு தொடர்புடையதா? குறிப்பேட்டில் மூன்று பக்கம் நிரம்பிய பிறகு அக்கா சொன்னார்: “லாரிப் பட்டை சார் அது. போல்ட்டு ஓட்டை.”

லாரியின் வில்பட்டைகளை அடுக்கி, நடுவே துளையிட்டு ஒரே போல்ட்டில் பூட்டுவார்கள். பாரம் தாங்கிப் பழகிய எஃகு என்பதால் பட்டறைக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு கண். ஆகவே இந்த அலகு லாரிக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்ற மாபெரும் உண்மை நிறுவப்படுகிறது. இதே கரையில் எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. இந்தப் பட்டை அந்தத் தொழிற்சாலை லாரியுடையது என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலை இருக்கும்போது அதைக் குறிப்பிடாமல் விடும் ஆய்வாளன் இன்னும் பிறக்கவில்லை.

4. வாய்மொழிச் சான்று

இக்கரையில் ஆண்டுகளை எண்ணால் சொல்வது குறைவு. கடல் செய்ததை வைத்தும் கடலுக்குச் செய்ததை வைத்தும் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26-ஐ நடுவில் வைத்தால் சு.மு., சு.பி. என்று வரலாறு இரண்டாகப் பிரியும்: சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின். நுண்மையாகக் கணிக்க ‘எண்ணெய் கொட்டின வருஷம்’ உதவும். எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையொதுங்கிய எண்ணெய்ச் சேற்றை ஆட்கள் வாளியால் அள்ளிய 2017 ஜனவரி அது.

இனி சாட்சியம்:

“எங்க மாமியா கத்தி சார். சுனாமிக்கு முன்னாடியே கீது.”

“பிடி புதுசு மாதிரி இருக்கேக்கா?”

“சுனாமிக்கு அப்பால ரெண்டு தபா மாத்துனேன்.”

“அலகு?”

“எண்ணெ கொட்டுன வருஷம் ஒடஞ்சி போச்சி. வேற பட்டைல அடிச்சாங்க.”

“அப்ப இது எப்படிக்கா மாமியார் கத்தி?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். “கத்தி அவங்கதுதான். அலகுதான் மாறிச்சி.”

இவ்வாறு, தன் உறுப்புகள் எல்லாவற்றையும்விட வயதில் மூத்த பொருள் ஒன்று அறிவுலகுக்கு முதன்முறையாக அறிமுகமாகிறது. அலகு 2017, பிடி சு.பி., கத்தி சு.மு.

5. தேய்மானக் கோட்பாடு

கேஸ் கத்தியில் வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைந்தது. காசிமேட்டில் இரும்பே குறைகிறது. அக்கா ஒவ்வொரு கூடைக்கும் நடுவே கல்லில் நாலு இழுப்பு இழுக்கிறார். சீசனில் சாணைக்காரர் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வரத்து குறையும், கத்தியும் மூச்சு விடும். மரத்தின் ஆண்டு வளையம் போல இங்கே ஆண்டுக் குழிவு உண்டு என்பது என் கோட்பாடு. அளப்பதற்காக ஸ்கேலை எடுத்தேன். எடுத்த ஸ்கேலில் கிழங்கான் செதில் தெறித்தது. அளவு பதிவாகவில்லை.

சேர்ப்பவர் உலகில் சாணை படாத கத்திக்குத்தான் விலை. கல் பட்டால் மதிப்புப் போயிற்று என்பார்கள். இங்கே சாணை படாத கத்தி என்றால் வேலைக்கு ஆகாத கத்தி. அதை யாரும் மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

6. முடிவுரை

ஆய்வை நிறைவுசெய்யும் பொருட்டுக் கத்தியை விலைக்குக் கேட்டேன்.

“இத்த உனக்குக் குட்த்துட்டு நாளைக்கு எத்தால வெட்டுறது, பல்லாலயா?” என்றார் அக்கா. ஆய்வுப் பொருள் வஞ்சிரத்தின் கழுத்தில் இறங்கியது.

களச் செலவு: அரைக் கிலோ சங்கரா. வெட்டுக்கூலி தனி.