மாறிய வரியின் நிறம்: ஒரு சிற்றாராய்ச்சி

கோட் எடிட்டரில் ஒரு வரியைத் தொட்டால் இடது ஓரத்தில் வண்ணக் கோடு முளைக்கும். அகலம் ஈர்க்குச்சியில் பாதி. விஎஸ் கோடில் புதிய வரிக்குப் பச்சை, திருத்தியதற்கு நீலம், அழித்த இடத்தில் குட்டிச் சிவப்பு முக்கோணம். இவை கண்ணுக்குத் தெரியுமா என்பதே வழக்கு. தெரியும் என்போர் தீம் செய்பவர்கள். தெரியாது என்போர் அதில் வேலை பார்ப்பவர்கள்.

1970-களில் யூனிக்ஸில் வந்த டிஃப் கட்டளை, மாறிய வரிகளை அம்புமுனைக் குறிகளால் காட்டியது. கூட்டல், கழித்தல் குறிகள் பிறகு வந்தன. அந்தக் குறிகள் மங்கிப்போனதாக யாரும் புகார் சொல்லக் கேட்டதில்லை. நிறம் வந்தது, வம்பும் வந்தது.

அளந்து பார்ப்போம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒளிவேறுபாடு 21 மடங்கு. இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5 கேட்கின்றன. 2011-இல் வந்த சோலரைஸ்டு தீமின் இருண்ட வடிவத்தில் பின்புலத்துக்கும், சிறப்பித்துக் காட்டும் பின்புலத்துக்கும் இடையே கணக்கிட்டால் வருவது சுமார் 1.15. 'அது எழுத்தன்று, பின்புலம்தானே, விதி அதற்குப் பொருந்தாது' என்று மறுப்பர் ஒரு சாரார். வாதம் சரி. பின்புலம்தான் தெரியவில்லை.

பச்சை–சிவப்பு கதை இன்னும் விசேஷம். சிஎஸ்எஸ்ஸில் 'ரெட்', 'கிரீன்' என்று பெயர் சொல்லி அழைக்கும் இரு நிறங்களின் ஒளிவேறுபாடு 1.28-தான். கறுப்பு வெள்ளையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். வடஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகப் பிடிபடாது. சேர்த்ததையும் நீக்கியதையும் காட்ட உலகம் தேர்ந்தெடுத்த ஜோடி இது!

இனி களச்சான்று. ஒரு மதியம், ஜன்னலோர வெயிலில், தள்ளுபடி நிரலில் சக ஊழியர் செய்த மாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரி முழுக்க வெளிர்பச்சை. அதற்குள் மாறிய ஒற்றை எழுத்து மட்டும் கொஞ்சம் கூடுதல் பச்சை. அந்த எழுத்து, 'இல்லை' என்று பொருள்படும் ஆச்சரியக்குறி. நான் பார்க்கவில்லை, 'ஓகே' கொடுத்துவிட்டேன். தள்ளுபடி பெற வேண்டியவர்கள் பெறவில்லை, பெறக்கூடாதவர்கள் எல்லோரும் பெற்றார்கள். மறுநாள் மீட்டிங்கில் அந்த எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அப்போது நன்றாகவே தெரிந்தது.

அன்று மாலையே செட்டிங்ஸைத் திறந்து, சேர்த்ததற்கு நீலமும் நீக்கியதற்கு ஆரஞ்சும் வைத்தேன். மாறிய எழுத்தைச் சுற்றித் தடித்த கட்டம். பக்கத்து நாற்காலித் தம்பி எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ஸ்கிரீன்ல சீரியல் செட் போட்டிருக்கீங்க?" என்றான்.

"ஆச்சரியக்குறி தெரியுதா?"

"அது மட்டும்தாண்ணே தெரியுது."