ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்

வீட்டு ஸ்டூடியோவுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று தனிப் பெட்டி எதற்கு, சிந்தசைசரே போதும் என்கிறார்கள். பொய்யில்லை. 2018இல் வந்த யமஹா எம்ஓடிஎக்ஸ்8, ஒரே யுஎஸ்பி கேபிளில் 10 சேனல்களைக் கணினிக்கு அனுப்பும். 4 சேனல்களை வாங்கிக்கொள்ளும். கீபோர்டு மட்டும் வாசிப்பவருக்கு லாபம்தான்.

பாடகர் வந்ததும் கச்சேரி களைகட்டும். அவருடைய கண்டென்சர் மைக் 48 வோல்ட் கேட்கும். சிந்தசைசரின் பின்பக்கத்து ஜாக் கையை விரிக்கும். சரி, நடுவில் ஒரு மிக்சர் வாங்குங்கள். (இன்டர்ஃபேஸ் காசுதான் மிச்சமாயிற்றே!) குறும்படக்காரர் 48 கிலோஹெர்ட்ஸில் கேட்பார். சிந்தசைசரோ 44.1ஐ விட்டு ஏறாது, இறங்காது.

ஸ்பீக்கரும் அதில்தான் சொருகியிருக்கிறது. ஆகவே யூடியூபில் ஒரு பாட்டுக் கேட்பதற்கும் 88 கட்டைகள் கொண்ட, கிட்டத்தட்ட 14 கிலோ கருவியை முதலில் ஆன் செய்யவேண்டும்.