உனக்கென்னப்பா, தனி ஆளு!

கல்யாணம் ஆகாதவன் கையில் காசு புரளும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. "உனக்கென்னப்பா, பிள்ளையா குட்டியா?" என்று ஆரம்பிக்கிற பேச்சு, கைமாத்து கேட்காமல் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த நம்பிக்கை நாடாளுமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அதுவரை எல்லாருக்கும் 1,500 ரூபாய் வரை வருமான வரி கிடையாது. 1955-56 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அதைப் பிரித்தார்: கல்யாணமானவருக்கு 2,000, ஆகாதவருக்கு 1,000. நம்மிடம் ஐந்நூறைப் பிடுங்கி அவர்களுக்கு ஐந்நூறு! தேஷ்முக்குக்கு அப்போது துர்காபாயைக் கைப்பிடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

ஹரியானாக்காரர்கள் தாராளம். கல்யாணமாகாமல் 45 முதல் 60 வயதுக்குள் இருந்து, வருஷ வருமானமும் 1.80 லட்சத்தைத் தாண்டாவிட்டால் மாதம் 2,750 ரூபாய் பென்ஷன் என்று 2023-இல் அறிவித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே ஆயிரம் ஆணுக்கு 879 பெண்கள்தான். பெண் சிசுவைக் கருவிலேயே கழித்துக்கட்டிவிட்டு, பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்றதும் பென்ஷன்! செய்தியைப் படித்துக் காட்டினேன். அம்மா யோசித்துவிட்டு, "அந்தப் பக்கம் பொண்ணு பார்த்தா என்ன?" என்றார்.

சென்னையில் 'ஃபேமிலிக்கு மட்டும்' போர்டுகளைத் தாண்டி வீடு பிடித்து, ரெண்டு பேர் கொடுக்க வேண்டிய வாடகையை ஒற்றை ஆளாகக் கொடுப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மொய்தான் ஆளை முடிக்கிறது.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு இல்லை, வட்டியில்லாக் கடன். வாங்கியதைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் புதுமொய் வைக்க வேண்டும். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு என்று குடும்பஸ்தனுக்கு வசூல் வழி வரிசையாக இருக்கிறது. என் நோட்டில் செலவுப் பக்கம் மட்டும் தடித்துக்கொண்டே போகிறது. நான் மொய் வைத்த கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் காதுகுத்து மொய் வைத்து, அது சமைந்ததற்கும் வைத்தாயிற்று. வரவுப் பக்கத்தில் அம்மா தயிர்க் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.

விசேஷமே இல்லாதவர்களுக்கென்று எங்கள் பக்கம் மொய் விருந்து உண்டு. ஆடியில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, வாசலில் மொய் எழுத ஆளை உட்கார வைத்தால் போதும். பணம் எண்ணும் மிஷின்கூட வந்துவிட்டது. தாலி தேவையில்லை. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? பத்திரிகை அடிக்கிற உற்சாகத்தோடு பெரியப்பாவிடம் போனேன்.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாக மென்றார். "செய்யலாம் தம்பி. போட்டவன் திருப்பிக் கேக்கணும்ல? நீ இல்லேன்னா உம் மகன்கிட்ட கேப்பான். உனக்குப் போட்ட காசை யாருகிட்டடா போயி கேப்பான்?"

எந்த வங்கி மேனேஜரும் என் கடன் தகுதியை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"அப்ப ஜாமீனுக்கு ஆள் வேணும்கிறீங்க."

"அதான் உங்கம்மா ஆலங்குடிப் பக்கம் ஒரு ஜாதகம் வாங்கி வச்சிருக்கால்ல," என்றார் பெரியப்பா.