பங்காளி என்ஜின்

சித்தப்பாவிடம் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. கல்கத்தா லேக் மார்க்கெட்டில் ஒரு வாழைப்பூவுக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிறவரைப் பார்த்தவர்கள் எப்படி நம்புவார்கள்? ஆனால் இருக்கிறது. எம்ஜிஏ, 1957 மாடல், சிவப்பு. இரண்டே ஸீட். கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தால்தான் திறக்கும். அவர் வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் சீமைக்கு மூட்டை கட்டியபோது விற்றுவிட்டுப் போன வண்டி. சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எதற்கு என்று கேட்க ஆளில்லை.

அந்தக் கார் போன வருஷம் புகை தள்ள ஆரம்பித்தது. நீலப் புகை. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வெள்ளைப் பைஜாமாவெல்லாம் கரிப்புள்ளி. பெட்ரோலைவிட ஆயில் அதிகம் குடித்தது. "வயசாச்சு, அவ்வளவுதான்" என்றார் சித்தப்பா, தன்னைப் பற்றிச் சொல்வதுபோல. தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தான். மரியாதையாக மூடினான். "இதைக் கிடர்பூருக்குக் கொண்டு போங்க தாதா" என்றான்.

எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்குக் கிடர்பூர் என்றால் ஃபேன்ஸி மார்க்கெட். ஃபாரின் சென்ட், ஃபாரின் குடை, ஃபாரின் கேஸட் எல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான். மாலுமிகள் கொண்டுவந்தது பாதி, 'மாலுமி கொண்டுவந்தது' என்று சொல்லி விற்றது மீதி. நான் சொல்லும் கிடர்பூர் அதற்கும் பின்னால், துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் இருக்கிறது. 1892-ல் திறந்த துறைமுகம், உலர்துறை உண்டு, கப்பல் ரிப்பேரை நம்பி வளர்ந்த லேத் பட்டறைகள் உண்டு. அதில் ஒன்றுக்குத்தான் காரைக் கொண்டுபோனோம். அதன் தலைமை மெக்கானிக்கான உஸ்தாத் இளம்வயதில் கப்பல் ரிப்பேரில் தொழில் பழகியவர். அவருடைய பட்டறைத் தரையில் மோட்டார்படகு ஒன்றின் ஷாஃப்ட் நீளமாகப் படுத்திருந்தது. அதன் மேல் உட்கார்ந்துதான் எல்லோரும் டீ குடித்தார்கள்.

இப்படிப் பழகிய கைக்கு ஒரு கொள்கை இருக்கும். கப்பல் என்ஜினை யாரும் தூக்கிப் போடுவதில்லை. லைனர் தேய்ந்தால் லைனரை மாற்றுவான், பிஸ்டன் போனால் பிஸ்டனை மாற்றுவான், கப்பல் அதுபாட்டுக்கு ஓடும். காருக்கும் அதே நியாயம்தான் என்பது உஸ்தாத்தின் கட்சி. ஆனால் வாயால் சொல்லிவிட்டு விடுகிற ஆள் இல்லை. நாலு பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஷன் கேஜை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பையனை விட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். முதலும் கடைசியும் பரவாயில்லை. நடுவில் இருந்த இரண்டும் நூறைத் தொடவே இல்லை. பிறகு ஒரு டீஸ்பூன் எடுத்தார் (டீக்கடை ஸ்பூன், கழுவியதா என்று கேட்கவில்லை), அந்தத் துளைகளில் கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி கேஜ் வைத்தார். முள் விருட்டென்று ஏறியது.

"என்னடா சொல்றான்?" என்றார் சித்தப்பா. ஐம்பது வருஷம் கல்கத்தாவில் இருந்தும் அவர் இந்தி, காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை.

ஆயில் ஊற்றினதும் பிரஷர் ஏறினால் வால்வில் குற்றமில்லை, ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது என்று விளக்கினேன். ஹெட்டைக் கழற்றி அளந்ததில் இன்னொரு கெட்ட செய்தி. முன்னாலேயே யாரோ போர் பண்ணி ஃபார்ட்டி சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். இனிமேல் குடைய இடமில்லை. ஒன்று, லைனர் அடித்துப் பழைய சைஸுக்கே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வேறு என்ஜின்.

வேறு என்ஜின் என்று சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒரு என்ஜினோடு வந்தார்கள். பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை, பேட்டரி கிட் போட்டு எலெக்ட்ரிக் ஆக்கிவிடலாம் என்றார்; அவருக்கு அதற்கப்புறம் ஒரு மாதம் போன் போகவில்லை. மல்லிக் பஜாரில் பழைய பார்ட்ஸ் விற்கும் ஒருவர் நேரிலேயே வந்தார். அவர் மட்டும்தான் யோசித்துப் பேசினார். "பாபு, அரசாங்க ஆபீஸ் அம்பாஸடர் பெட்ரோல் என்ஜின் ஒன்று இருக்கு. முழுசா இறக்கி வெச்சிருக்கேன். மவுண்டிங்கில் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் உட்கார்ந்துடும்."

சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மஞ்சள் டாக்ஸி வண்டியின் என்ஜினை எம்ஜிக்குள் வைப்பதா? கோத்திரம் தெரியாத இடத்தில் சம்பந்தம் பேச வந்தவரைப் போல அவரை வாசலோடு அனுப்பினார்.

கோத்திரம் ஒன்றேதான் என்பதுதான் இதில் வேடிக்கை. இரண்டுமே பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரீஸ் என்ஜின்கள். 73.025 மில்லிமீட்டர் போர், 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 1489 சிசி. ஒரு நூல் வித்தியாசமில்லை. 1955-ல் ஆபிங்டனில் எம்ஜிஏவுக்குப் போன அண்ணன், இரட்டை எஸ்யு கார்புரேட்டரும் கூடுதல் கம்ப்ரஷனுமாக எழுபது குதிரைச் சக்தியைச் சுற்றிக் காட்டினான். தம்பி 1959-ல் உத்தர்பாராவில் அம்பாஸடருக்குள் நுழைந்து, ஒற்றைக் கார்புரேட்டரோடு, கலெக்டர்களையும் கல்யாண கோஷ்டிகளையும் பல வருஷம் சுமந்தான். எம்ஜிஏ மொத்தமே 1,01,081 வண்டிதான் செய்தார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போய் வெயில் காய்ந்தன. பங்காளிகளில் ஒருவன் சீமையில் ரேஸ் ஓட்டினான், ஒருவன் இங்கே ஹௌரா ஸ்டேஷன் வாசலில் சவாரிக்கு நின்றான். சொத்துத் தகராறில்லை, அந்தஸ்துத் தகராறு மட்டும்.

இதை நான் சொன்னபோது சித்தப்பா கேட்டார்: "ஒரே அம்மாவாவே இருக்கட்டும்டா. அவன் பூணூலை இவனுக்குப் போட முடியுமா?"

என்ஜின் மாற்றுகிற விஷயத்தில் பெரிய கம்பெனிகளே புத்தியோடு நடந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. அதே உத்தர்பாராவில் 1984-ல் கான்டெஸா வந்தது. வாக்ஸ்ஹாலின் பெரிய உடம்பு. அதற்குள் நம்முடைய இதே 1489 சிசி. பார்க்க சினிமா வில்லன் வண்டி, மேட்டில் ஏறும்போது மாமியார் வீட்டுக்குப் போகிற மருமகள். சில வருஷத்தில் அவர்களுக்கே பொறுக்காமல் இசுசுவின் 1.8 லிட்டர் என்ஜினைப் போட்டார்கள். வண்டி நிமிர்ந்தது.

நம் சென்னைக் கதை இன்னும் விசேஷம். 1985-ல் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரை விட்டது. உடம்பு ரோவர் எஸ்டி1. ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு. இங்கிலாந்தில் அதற்குள் 3.5 லிட்டர் வி8 உறுமியது. வண்டலூரில் அதற்குள் வைத்ததோ, ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து 1991 சிசி நாலு சிலிண்டர். அந்த என்ஜின் ஒன்றும் குலம் கெட்டதில்லை. அதன் உறவுக்காரர்கள் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதிருக்கிறார்கள், டிரயம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் பறந்திருக்கிறார்கள். ஆனால் பறந்த கிளையை விட்டு உழுத கிளைதான் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது என்று வாங்கியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த எண்பதுகள் முடிவதற்குள் வண்டியும் இல்லை, கம்பெனியும் ஓய்ந்தது. என் அபிப்பிராயம், தப்பு என்ஜினில் இல்லை, உடம்பைப் பார்த்து விலை வைத்ததில்தான்.

மல்லிக் பஜார்க்காரர் விடவில்லை. இரண்டாவது தடவை வந்தபோது ஒரு யோசனை சொன்னார். எம்ஜிஏவின் என்ஜின் நம்பர் பிளாக்கில் செதுக்கியிருக்காது. ஒரு சின்னத் தகட்டில் பொறித்து ரிவெட் அடித்திருக்கும். "தகட்டைப் பெயர்த்து நம்ம அம்பாஸடர் பிளாக்கில் அடிச்சிட்டா, யாருக்குத் தெரியும்?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பூணூலை மாற்றிப் போட முடியாது என்றவர், தகட்டை மாற்றிப் போடலாமா என்று யோசிக்கிறாரே! ஆர்சியில் இருக்கிற என்ஜின் வேறு, வண்டியில் இருக்கிற என்ஜின் வேறு என்றால் பேல்தலா மோட்டார் வாகன ஆபீஸில் அதற்கு வேறு பெயர் என்று எடுத்துச் சொன்னேன். போதாததற்கு, 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி போட்டிருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்று எழுத்துப் போட்ட நம்பர் கிடைக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு அந்த நம்பர்மேல் ஒரு கண். ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1968-லிருந்து நடத்தும் விண்டேஜ் ரேலியின்மேல் இன்னொரு கண். அங்கே நடுவர்கள் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். தகட்டைப் பார்த்து ஏமாறுகிற ஜாதி இல்லை அது.

முடிவு சித்தியிடம் வந்தது. எங்கள் வீட்டில் எல்லா முடிவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும். சித்தி பட்டறைக்கே வந்தாள். ஷாஃப்டின் மேல் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, என்னை மொழிபெயர்க்க வைத்து விசாரித்தாள்.

"லைனர் போட்டா எத்தனை நாள் தாங்கும்?"

"அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு நான் பொறுப்பு, அம்மாஜி."

சித்தி விரலால் கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று, புயலும் மழையும் பந்த்தும் போக, வருஷத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர். "ஏன்னா, நூத்திருபது வருஷம் வரும். உங்களுக்கு இப்பவே எழுபத்தெட்டு."

"அம்பாஸடர் என்ஜினும் அவ்வளவு ஓடும்மா" என்றார் கூடவே வந்திருந்த மல்லிக் பஜார்க்காரர்.

"அது சல்லிசுன்னா சொல்றேள்? நம்பர் மாத்தணும், ஆபீஸுக்கு அலையணும், கடைசியில இவர் மூஞ்சியைத் தினம் நான் பாக்கணும். வேண்டாம்."

இருந்தாலும் உஸ்தாத் ஒரு நிபந்தனை வைத்தார். கிராங்க் நன்றாக இருந்தால்தான் லைனர் செலவு. கிராங்கில் விரிசல் என்றால் மல்லிக் பஜார்தான் கதி. கிராங்கை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, துணியால் ஒற்றித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் பூசினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரக் கோடு போடும். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா மூச்சு விடவில்லை. விட்டால் சாக்பீஸ் பறந்துவிடும் என்று உஸ்தாத் அதட்டியிருந்தார். கோடு விழவில்லை. மல்லிக் பஜார்க்காரர் எழுந்து, ஒரு டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் சும்மா போகவில்லை. பேரிங் ஷெல், கேஸ்கட், டைமிங் செயின் எல்லாம் பிற்பாடு உஸ்தாத் வாங்கியது அவரிடம்தான். லண்டனிலிருந்து வரவழைத்தால் பவுண்டுக் கணக்கு, அதன் மேல் கஸ்டம்ஸ் டூட்டி. டப்பாக்களில் எந்த வண்டியின் பெயர் இருந்தது என்று சித்தப்பா கேட்கவில்லை. உஸ்தாத்தும் சொல்லவில்லை.

என்ஜின் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. 1500 கிலோமீட்டர் வரை ரன்னிங்-இன், பார்த்து ஓட்டுங்கள் என்றார் உஸ்தாத். சித்தியின் கணக்கில் அது மூன்று வருஷம். சித்தப்பாவுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ஸ்போர்ட்ஸ் காரை இருபதில் ஓட்டுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பின்னால் சைக்கிள் ரிக்‌ஷாகூட மணியடித்தது. ஆனால் முதல் ஆயில் மாற்றும்போது உஸ்தாத் சீறினார். இப்படித் தடவித் தடவி ஓட்டினால் ரிங் உட்காராது, லைனர் பளபளவென்று மெருகேறி மறுபடி புகை தள்ளும். மேட்டில் ஏற்றி மிதிக்க வேண்டும்.

கல்கத்தாவில் மேட்டுக்கு எங்கே போவது? கிடர்பூருக்குப் பக்கத்திலேயே வித்யாசாகர் சேது இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை சித்தப்பாவும் சித்தியும் எம்ஜியில் ஏறிக்கொண்டார்கள். இரண்டே ஸீட் என்பதால் எனக்கு மஞ்சள் டாக்ஸி. டீசல் அம்பாஸடர், அந்த டீசலும் 1489 சிசி, அதே வம்சம்தான். சரிவில் ஏறும்போது முன்னால் சிவப்பு வண்டி ஊர்ந்தது. சித்தி சித்தப்பாவின் பக்கம் சாய்ந்து கையை ஆட்டி ஏதோ சொல்வது தெரிந்தது. "மிதிங்கோ, மிதிங்கோ" என்றுதான் இருக்க வேண்டும். டாக்ஸிக்காரர் பொறுமை இழந்து ஹாரனில் கை வைத்தார்.

"தாதா, அந்தச் சிவப்பு வண்டியை ஓவர்டேக் பண்ணவா?"

"பண்ணுங்க. உறவுதான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.